நேர்காணல் தாளிலிருந்து கவிதைக்கு: எச்.ஐ.வி., போதை ஆய்வில் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

எச்.ஐ.வி., போதைப்பொருள் பயன்பாடு சார்ந்த களத்தில் வேலை செய்கிறவர்களில் கவிதை எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கவுன்சலர், ஆட்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ச் சந்திக்கும் அவுட்ரீச் வொர்க்கர், சமூகப்பணி மாணவர், தரவு சேகரிக்கப் போன ஆய்வாளர், யாராக இருந்தாலும் பையில் ஒரு பக்கம் கேள்வித்தாள், இன்னொரு பக்கம் யாருக்கும் காட்டாத ஒரு நோட்டு. கேள்வித்தாள் அட்டவணையாகி அறிக்கைக்குப் போய்விடும். நோட்டில் இருப்பது டிசம்பர் 1 வந்தால் உலக எய்ட்ஸ் தினக் கவியரங்கத்துக்குப் போகும், போய்ச் சேரும்போது அதில் களம் இருக்காது, 'கொடிய அரக்கனே' என்று தொடங்கும் நாலு வரி மட்டும் மிஞ்சியிருக்கும். இந்த இரண்டையும் ஒரே வேலையாக எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் இருக்கும் உண்மையான சிக்கல் யாப்பும் படிமமும் இல்லை, விவரம். எந்தத் தெரு, என்ன சட்டை, வாசலில் நின்று என்ன சொன்னாள் என்ற துல்லியத்தில்தான் கவிதை உயிரோடு இருக்கிறது. ஆய்வு அறமோ அதே தெருவையும் சட்டையையும்தான் மறைக்கச் சொல்கிறது, ஏனென்றால் அது தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும், ஆள் தெரிந்தால் வீடு போகும், வேலை போகும், சில சமயம் போலீஸ் வரும். விவரத்தை எல்லாம் எடுத்துவிட்டால் கவிதை வெறும் கோஷமாகிவிடும். விட்டுவைத்தால் காட்டிக்கொடுத்ததாகிவிடும். கீழே சொல்லும் எல்லாமே இந்த இழுபறியைச் சுற்றித்தான்.

வான்கூவரில் நடந்தது

கனடாவின் வான்கூவர் நகரத்தில் டவுன்டவுன் ஈஸ்ட்சைடு என்று ஒரு பகுதி. மலிவான ஒற்றை அறை விடுதிகள், அங்கே ஊசி மூலம் ஹெராயினும் கொக்கைனும் எடுத்துக்கொண்டு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆட்கள். 1996-இல் ஊசி போட்டுக்கொள்பவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஓர் ஆய்வு அங்கே தொடங்கியது. அதன் முதல் முடிவுகள் 1997-இல் வந்தபோது பலருக்குத் தூக்கிவாரிப்போட்டது: நூறு பேரை ஓராண்டு பின்தொடர்ந்தால் 18 பேருக்கு மேல் புதிதாக எச்.ஐ.வி. தொற்றுகிற வேகம். இத்தனைக்கும் 1989 முதலே அங்கே சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டம் இருந்தது, ஆய்வில் இருந்த பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தியும் வந்தார்கள். அப்புறம் ஏன்? ஒரு முக்கியக் காரணம் கொக்கைன். ஹெராயினைப் போல அது மணிக்கணக்கில் நிற்காது, சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் ஒரே நாளில் பத்து, இருபது முறைகூடப் போட்டுக்கொள்வார்கள். அத்தனை முறைக்கும் நடு ராத்திரியில் புது ஊசிக்கு எங்கே போவது?

அதே 1997-இல் அந்தப் பகுதியின் ஓப்பன்ஹைமர் பூங்காவில் ஆயிரம் சிலுவைகளை நட்டார்கள், போதைப்பொருள் அளவு மீறி இறந்தவர்களுக்காக. அந்தப் போராட்டங்களில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் பட் ஆஸ்பர்ன். அந்தத் தெருக்களில் வாழ்ந்த கவிஞர், தானே பல ஆண்டுகள் போதையில் கிடந்து எழுந்தவர். அந்தச் சிலுவைகளைப் பற்றிக் கவிதை எழுதியதும், கூட்டங்களில் கவிதை படித்ததும், போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்களே நடத்தும் ஒரு சங்கத்தை ஆன் லிவிங்ஸ்டன் முதலானவர்களோடு சேர்ந்து உருவாக்கியதும், சுகாதார வாரியத்தில் உறுப்பினராக உட்கார்ந்ததும் எல்லாம் ஒரே ஆள். 1997-இலேயே சுகாதார வாரியம் பொதுச் சுகாதார நெருக்கடியை அறிவித்தது. 2003-இல் செவிலியர் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் இன்சைட் மையம் திறந்தது, வட அமெரிக்காவில் சட்டப்படி நடந்த முதல் மையம். அதைச் சுற்றி 500 மீட்டருக்குள் அளவு மீறிய இறப்புகள் 35 சதவீதம் குறைந்தன, நகரத்தின் மற்றப் பகுதிகளில் 9 சதவீதம்தான் குறைந்தன என்று 2011-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. அதே ஆண்டு கனடாவின் உச்ச நீதிமன்றம் மையத்தை மூடக் கூடாது என்றது.

கவிதைதான் இதையெல்லாம் சாதித்தது என்று சொன்னால் பொய். மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், தெருவில் உட்கார்ந்து மறியல் செய்தவர்கள் என்று பலர் சேர்ந்து இழுத்த தேர் அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஆய்வு வேகத்தைச் சொன்னது, கவிதை ஆட்களைச் சொன்னது, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யப் போகவில்லை. உங்கள் கவிதையில் சதவீதத்தைத் திணிக்கத் தோன்றும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளலாம். எண்ணை வரியில் எழுதாமல் பூங்காவில் நட்டுவைத்தார்கள், ஆயிரத்தையும் சுற்றி நடந்து பார்க்க வேண்டியிருந்தது. எண்ணைக் கவிதையில் வைத்தே ஆக வேண்டுமென்றால் அப்படி ஒரு வழி கண்டுபிடியுங்கள், இல்லையென்றால் அறிக்கையிலேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஆஸ்பர்ன் தன் தெருவைப் பெயர் சொல்லி எழுதலாம், அது அவர் வாழ்க்கை, அவர் பெயர். நேர்காணல் எடுக்கப் போன உங்களுக்கு அந்த உரிமை கிடையாது.

யார் குரலில் எழுதப் போகிறீர்கள்

எழுத உட்காரும் முன்பே, முடிந்தால் களத்துக்குப் போகும் முன்பே, இதைத் தீர்மானியுங்கள். வழி மூன்று.

முதல் வழி, பேசியவரின் சொற்களை மட்டுமே வைத்துக் கட்டுவது. சமூகவியலாளர் லாரல் ரிச்சர்ட்சன் 1992-இல் இதற்கு ஒரு பேர்போன முன்மாதிரி வைத்தார்: திருமணமாகாமல் தாயான ஒரு பெண்ணின் நேர்காணல் 36 பக்கம், அதை மூன்று பக்கக் கவிதையாக்கினார், சொல்லும் தொனியும் அந்தப் பெண்ணுடையவை, திரும்ப வருதலும் நிறுத்தமும் மட்டும் ரிச்சர்ட்சனுடையவை. 1997-இல் கொரீன் கிளெஸ்னி போர்ட்டோ ரிக்கோவின் ஒரு மூத்த பேராசிரியையின் பேச்சை வைத்து இரண்டு வடிவம் எழுதினார், ஒன்று பேசிய வரிசைக்கு மிக நெருக்கமானது, இன்னொன்று கொஞ்சம் சுதந்திரம் எடுத்துக்கொண்டது. இரண்டையும் எழுதிப் பார்க்கும் பழக்கம் நல்லது, எங்கே உங்கள் கை ஓங்குகிறது என்பது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாம் வழி, உங்கள் களக்குறிப்பிலிருந்து உங்கள் குரலில் எழுதுவது. அதில் 'நான்' என்றால் நீங்கள், தவறாக விளங்கிக்கொண்டால் அதுவும் உங்களுடையது. மூன்றாவது, அவர்களையே எழுத வைப்பது, நீங்கள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்காருவது. எனக்குப் பிடித்தது மூன்றாவதுதான், ஆனால் அதற்கு நேரம் ஆகும், பண உதவி செய்கிறவர்களுக்கு அதன் பயனை விளக்கவே ஒரு மாதம் போய்விடும்.

செய்யக் கூடாத நாலாவது வழி ஒன்று இருக்கிறது, அதுதான் அதிகம் நடக்கிறது: யாரையும் கேட்காமல் எச்.ஐ.வி.யுடன் வாழும் ஒரு பெண்ணாகத் தன்னைக் கற்பனை செய்துகொண்டு 'நான்' என்று எழுதுவது. 1986-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது என்று அந்தக் கதையை எல்லாரும் சொல்கிறோம். மருத்துவர், மாணவி, ஐஸ் பெட்டி, ரயில் எல்லாம் கதையில் வருகின்றன, அந்தப் பெண்கள் ஆறு என்ற எண்ணாக மட்டும் வருகிறார்கள். கவிஞருக்குக் கை துறுதுறுக்கும் இடம் இது. அந்த ஆறு பேரில் ஒருத்தியாக மாறி அழ வேண்டும் போலிருக்கும். அழாதீர்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று நமக்குச் சொல்லப்படவில்லை என்பதையே எழுதுங்கள். கிடைக்காத வார்த்தையை நாம் நிரப்பினால் இரண்டாவது முறையும் அவர்களைக் கேட்காமலே மாதிரி எடுத்ததாகிவிடும்.

அனுமதி

இது அலுப்பான பகுதி, இருந்தாலும் தாண்டிப் போகாதீர்கள். ஒப்புதல் படிவத்தில் 'ஆய்வுக்கட்டுரைக்குப் பயன்படுத்தப்படும்' என்று மட்டும் இருந்தால் கவிதைக்கு அனுமதி இல்லை என்றுதான் பொருள். தனியாக ஒரு வரி சேருங்கள்: உங்கள் பேச்சிலிருந்து கவிதை எழுதப்படலாம், மேடையில் படிக்கப்படலாம், அச்சாகலாம், இதில் எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். ஆய்வின் அறத்தைப் பார்த்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும்போதே இதையும் வைத்துப் போங்கள், பின்னால் திருத்தம் கேட்டு அலைவது பெரிய தலைவலி. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களைப் படித்துவிட்டுப் போனால் கமிட்டி கேட்கும் பாதிக் கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.

இந்தியாவில் வேலை செய்கிறவர்கள் இரண்டு சட்டத்தை மனதில் வைக்க வேண்டும். 2017-இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதைத் தடை செய்கிறது. கவிதை என்பதால் விலக்கு கிடையாது. இன்னொன்று 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அதில் பயன்படுத்துவதே குற்றம். அப்படியென்றால் ஒருவர் எந்தப் பாலத்துக்கு அடியில், யாரோடு, எதை ஏற்றிக்கொண்டார் என்று நீங்கள் அழகாக எழுதிய பத்து வரி, தவறான மேசைக்குப் போனால் வாக்குமூலம் மாதிரி வாசிக்கப்படும். ஒலிப்பதிவு, அதைக் கேட்டு எழுத்தாக்கிய டிரான்ஸ்கிரிப்ட், கவிதையின் முதல் வரைவு எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பூட்டி வையுங்கள். வாட்ஸ்அப்பில் நண்பருக்கு 'எப்படி இருக்கு பாரு' என்று வரைவை அனுப்புவது இதில் சேரும், ஆமாம்.

கட்டுவது எப்படி

முதலில், டிரான்ஸ்கிரிப்டை நம்பாதீர்கள், ஒலிப்பதிவைக் கேளுங்கள். நம் ஊர் ஆய்வுகளில் தமிழில் பேசியதை நேராக ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வைப்பது சாதாரணம். தமிழில் தட்டினாலும் தட்டுகிறவர் நல்ல எண்ணத்தில் 'வந்துருவேன்' என்பதை 'வந்துவிடுவேன்' என்று திருத்திவிடுவார். அதிலிருந்து கவிதை வராது. தேவையான பகுதியை மட்டும் நீங்களே மறுபடி எழுதிக்கொள்ளுங்கள், பேச்சு எப்படி வந்ததோ அப்படி, நிறுத்தம் எங்கேயோ அங்கே ஒரு கோடு. அதே சமயம் கொச்சையைக் கூட்டி எழுதவும் வேண்டாம், வடசென்னைப் பேச்சு என்று காட்டுவதற்காக ஒவ்வொரு சொல்லையும் நெளித்தால் சினிமா நகைச்சுவை நடிகர் பேசுவது போல ஆகிவிடும்.

ஒரு எடுத்துக்காட்டு. கீழே வருவது உண்மையான யாருடைய பேச்சும் இல்லை, பாடத்துக்காகவே நான் எழுதியது. இடம் ஓ.எஸ்.டி. மையம், அதாவது ஊசிக்குப் பதிலாக புப்ரெனார்ஃபின் மாத்திரையைத் தினமும் கண்முன்னே கொடுக்கும் இடம். மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் போடுவார்கள், கரைய சில நிமிடம் ஆகும், அதுவரை பேசவோ விழுங்கவோ கூடாது.

"எட்டு மணிக்கெல்லாம் வந்துருவேன் சார். லேட்டானா மேஸ்திரி திட்டுவாரு. மாத்திரையப் பொடி பண்ணி நாக்குக்கு அடியில போடுவாங்க. கரையற வரைக்கும் பேசக் கூடாது, எச்சி முழுங்கக் கூடாது. அந்த நேரத்துலதான் சார் எல்லாம் ஞாபகம் வரும். என் தம்பி... ரெண்டு பேரும் ஒரே ஊசிதான். போயிட்டான். எனக்கு இருக்குன்னு டெஸ்ட்ல சொன்னாங்க. அவனுக்கும் இருந்திருக்கும், யாரு பார்த்தா. அம்மா கேட்டா வைட்டமின் மாத்திரைன்னு சொல்லி வெச்சிருக்கேன். கரைஞ்சதும் பேசலாம்னு சொல்வாங்க. அப்போ பேச ஒண்ணும் இருக்காது."

வழக்கமாக இது அறிக்கையில் என்ன ஆகும்? 'பங்கேற்பாளர்களில் பலர் ஊசி பகிர்வையும் குடும்பத்தினரிடம் நிலையை மறைப்பதையும் குறிப்பிட்டனர்.' தவறில்லை, ஆனால் ஒருவர் வாய்க்குள் மருந்தை வைத்துக்கொண்டு தம்பியை நினைத்துக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிடம் அதில் இல்லை. அதை எடுப்போம்.

நாக்குக்கு அடியில போடுவாங்க
கரையற வரைக்கும்
பேசக் கூடாது

அந்த நேரத்துலதான் சார்
எல்லாம் ஞாபகம் வரும்

என் தம்பி
ரெண்டு பேரும்
ஒரே ஊசிதான்

கரையற வரைக்கும்
பேசக் கூடாது

அவனுக்கும் இருந்திருக்கும்
யாரு பார்த்தா

அம்மா கேட்டா
வைட்டமின் மாத்திரை

கரைஞ்சதும்
பேசலாம்னு சொல்வாங்க

அப்போ
பேச ஒண்ணும் இருக்காது

ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. செய்ததெல்லாம் மூன்று: வெட்டினேன், வரியை உடைத்தேன், 'பேசக் கூடாது' என்பதை இன்னொரு முறை திரும்ப வர வைத்தேன். திரும்ப வைத்தது மையத்தின் விதி, ஆனால் இரண்டாம் முறை வரும்போது அது தம்பியைப் பற்றிய விதியாகவும் கேட்கிறது. 'சார்' ஒன்றை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். எதிரில் ஒரு ஆய்வாளர் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார், அவரிடம்தான் இது சொல்லப்படுகிறது என்பது வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும், தானாக ஆகாயத்தைப் பார்த்துப் பேசின மாதிரி காட்டக் கூடாது. 'போயிட்டான்' என்பதை எடுத்துவிட்டேன், 'இருந்திருக்கும்' என்பதிலேயே அவன் இல்லை என்பது வந்துவிடுகிறது. 'எனக்கு இருக்குன்னு' என்பதையும் எடுத்திருக்கிறேன், 'அவனுக்கும்' என்ற 'உம்'மில் அது ஒட்டிக்கொண்டு வருகிறது. சட்டப்படி இதுவும் நிலையை வெளியிட்டதுதான், சூசகமாகச் சொன்னால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

எந்த விவரத்தை வைப்பது

மேஸ்திரியும் எட்டு மணியும் ஏன் போயின? கவிதைக்குத் தேவைப்படவில்லை என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, அந்த மையத்தில் எட்டு மணிக்கு வந்துவிட்டுக் கட்டட வேலைக்கு ஓடுகிற ஆள் ஒருவராகத்தான் இருப்பார். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத இரண்டு தகவல் சேர்ந்தால் விலாசம் ஆகிவிடும்.

நான் பின்பற்றுகிற அளவுகோல் இது. விவரம் இரண்டு வகை. அந்த ஆளுக்கு மட்டும் சொந்தமானது: தழும்பு, ஊர், தொழில், குழந்தையின் பெயர், செத்த தேதி. அந்த நிலைமையில் இருக்கும் பலருக்குச் சொந்தமானது: ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்து) மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வைப்பது, மாத்திரை நேரத்துக்குப் போனில் அலாரம் வைத்துவிட்டு மாமியார் கேட்காதபடி வைப்ரேட்டில் போடுவது, சொந்த ஊர் ஏ.ஆர்.டி. சென்டருக்குப் போகாமல் பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் ஏறுவது. இரண்டாவது வகையும் முதல் வகை அளவுக்கே கூர்மையானதுதான், சில சமயம் அதைவிடக் கூர்மை. வாசிப்பவருக்கு அது புதிது, அந்த நிலைமையில் இருப்பவருக்கு 'அட, என்னைப் போல இன்னொருத்தரும்' என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு யார் வீட்டுக் கதவையும் யாரும் தட்ட முடியாது. ஆக, முதல் வகையைக் கழற்றிவிட்டு இரண்டாவதைத் தேடுங்கள், களக்குறிப்பு எழுதும்போதே ஓரத்தில் குறித்துவைத்தால் பின்னால் எளிது.

ஆனால் தம்பி? மேலே உள்ள கவிதையில் அவன் முதல் வகை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஊசி போட்டு ஒருவன் இறந்துபோன வீடு அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். 'தம்பி'யைக் 'கூட்டாளி' என்று மாற்றலாம் என்று தோன்றும், மாற்றினால் அவர் சொல்லை மட்டுமே வைக்கிறோம் என்ற ஒப்பந்தம் உடையும், கவிதையும் சாதாரணமாகிவிடும், 'அம்மா கேட்டா' என்ற இடத்தில் இரண்டு பிள்ளைகளின் அம்மா என்பது போய்விடும். இதை மேசையில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. அவரிடம் கொண்டுபோய்க் கேட்க வேண்டியதுதான். 'தம்பி இருக்கட்டும், ஆனா நம்ம ஊர்ல படிக்காதீங்க' என்று சொல்லலாம். 'தம்பி வேணாம்' என்று சொல்லலாம், அப்படிச் சொன்னால் கவிதை போயிற்று, அவ்வளவுதான்.

உவமையைச் சோதியுங்கள்

சிலந்தி வலை, நச்சுப் பாம்பு, படுகுழி, ஒரு நொடி இன்பம், கடைசியில் 'ஒருவனுக்கு ஒருத்தி'. நம் விழிப்புணர்வுக் கவிதைகளின் மளிகைச் சாமான் இது. பழசு என்பதற்காக மட்டும் எறியச் சொல்லவில்லை, இவை தப்பான தகவல். பாம்பு என்று எழுதினால் தொற்று உள்ளவரே கடிக்கிறவர் ஆகிறார், படுகுழி என்றால் ஏறி வர வழி இல்லை என்றாகிறது. ஆய்வு வேறு ஒன்றைச் சொல்கிறது. ஒருவருக்குத் தொற்று இருந்து துணைக்கு இல்லாத 1,763 ஜோடிகளை ஒன்பது நாடுகளில் பின்தொடர்ந்த எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வில், சென்னையும் புனேயும் களங்களில் சேரும். சீக்கிரமே ஏ.ஆர்.டி. தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் அது காட்டியது. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவு வழியே பரவாது என்பது வரைக்கும் போய்விட்டன. இங்கேயும் ஒரு எச்சரிக்கை, கவிதையில் ஆர்வத்தோடு இதை ஊசிக்கும் நீட்டிவிடாதீர்கள், ஊசி பகிர்வில் அதே உறுதி நிறுவப்படவில்லை, புது ஊசி என்ற விதி அப்படியேதான் இருக்கிறது.

எனவே எழுதி முடித்ததும் களத்தில் இருக்கும் ஒரு கவுன்சலரிடமோ மருத்துவரிடமோ கொடுத்து, 'இதை நம்பி ஒருத்தர் நடந்துகிட்டா என்ன ஆகும்?' என்று கேளுங்கள். கவிதை நயம் பற்றி அவர் கருத்து சொன்னால் கேட்டுக்கொண்டு மறந்துவிடலாம். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் நினைவிருக்கிறதா? ஒற்றைக் கேள்வியில் தமிழ்நாட்டையே பேச வைத்தது, அது பெரிய விஷயம், ஆனால் அந்தப் பெயர் தெருவில் யாரையாவது கேலி பண்ணுகிற பெயராகவும் ஆகிப்போனது. வரி நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்றால் யார் மேல் ஒட்டும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

திரும்பக் கொண்டுபோய்க் காட்டுவது

தாளைக் கொடுத்து 'படிச்சுப் பாருங்க' என்றால் பலர் 'நல்லா இருக்கு சார்' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சிலருக்குப் படிக்கக் கூச்சம், சிலருக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், தனி அறையில், வேறு யாரும் இல்லாமல். முகத்தைப் பாருங்கள், எந்த வரியில் கண் கீழே போகிறது என்று. 'இது நீங்க சொன்னதுதானா?' என்று கேட்பதைவிட 'இதுல எதை எடுக்கணும்?' என்று கேட்பது நல்லது, எடுக்கச் சொல்வது சாதாரணம் என்று அப்போதுதான் அவருக்குப் புரியும். படித்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள், தம்பியைக் கிளறிவிட்டு டீக்கடைக்குப் போய்விட முடியாது. அங்கே இருக்கும் கவுன்சலரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்புறம் பெயர். மறைப்பதுதான் வழக்கம், மறைப்பதுதான் பாதுகாப்பு, ஆனால் எப்போதும் மறைப்பதும் ஒரு வகைத் திருட்டாகிவிடலாம். பேசியவருடைய சொற்கள் எல்லாம், கவிதைக்குக் கீழே உங்கள் பெயர் மட்டும், பாராட்டும் உங்களுக்கு என்றால் அது எந்த நியாயம்? சிலர் தன் பெயரோடு வர விரும்புவார்கள், குறிப்பாக எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களின் சங்கங்களில் வெளிப்படையாக இயங்குகிறவர்கள். அவர்களுக்கு அதன் விளைவுகளை உட்கார்ந்து பேசிவிட்டு, இணை ஆசிரியராகப் போடுங்கள். புனைபெயர் வேண்டும் என்றால் அவரே வைக்கட்டும். நிகழ்ச்சியில் படித்துப் பணம் வந்தால் பங்கு கொடுங்கள், சால்வை வேண்டாம்.

ஆய்வேட்டில் கவிதையை எங்கே வைப்பது என்று வழிகாட்டியோடு சண்டை வரும். பின்னிணைப்பில் போடச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், கண்டறிதல் அத்தியாயத்திலேயே, அது எந்தக் கருப்பொருளைத் தாங்குகிறதோ அங்கே வையுங்கள். எப்படி வெட்டினீர்கள், எதை விட்டீர்கள், யாரிடம் காட்டினீர்கள் என்று முறையியல் அத்தியாயத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினால் பெரும்பாலான தேர்வாளர்கள் வாயடைத்துப் போவார்கள், கவிதை எழுதுகிற ஆய்வாளரிடம் அவர்கள் எதிர்பார்க்காதது ஒழுங்கைத்தான்.

கடைசியாக, விலகும் உரிமை. ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று படிவத்தில் அச்சடித்திருக்கிறோம். தரவு என்றால் ஒரு வரிசையை நீக்கிவிடலாம். கவிதை ஃபேஸ்புக்கில் ஏறி, யாரோ படம் எடுத்து, வேறு யாரோ யூடியூபில் இசை போட்டுப் படித்த பிறகு 'எனக்கு இப்போ கல்யாணம் பேசறாங்க, அதை எடுத்துடுங்க' என்று போன் வந்தால் என்ன செய்வீர்கள்? அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் அவர்களுக்கு மட்டும் படிப்பது, பிறகு மையத்துக்கு உள்ளே, சில மாதம் கழித்து மறுபடி சம்மதம் கேட்டுவிட்டு அறிக்கையில், அதற்கும் பிறகு மேடையில், இணையத்தில் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒவ்வொரு படியிலும் மறுபடி கேளுங்கள், தொலைபேசி எண் மாறியிருந்தால் அவுட்ரீச் வொர்க்கர் மூலம் தேடிப் பிடித்துக் கேளுங்கள், ஆள் கிடைக்கவில்லை என்றால் முந்தின படியிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.